ரீல்ஸ் டாக்டரும் உங்கள் காதும்

கேள்வி: குறும்பி எடுக்கும் ரீல்ஸ் இன்ஸ்டாகிராமில் ஓயாமல் வருகிறது. காதுக்குள் விடும் கேமராவும் வாங்கிவிட்டேன். வீட்டிலேயே எடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எடுக்காதீர்கள். மைக்ராஸ்கோப் வைத்து எடுக்கும் டாக்டருக்கு இரண்டு கண்ணாலும் ஆழம் தெரிகிறது. எண்டோஸ்கோப்பில், அதாவது நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயில், அது தெரியாது. டாக்டரின் கைப்பழக்கம் அதை ஈடுகட்டுகிறது. உங்கள் கேமராவிலும் ஆழம் தெரியாது, கைப்பழக்கமும் உங்களுக்கு இல்லை. காதுக்குழாயின் நீளமே சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அது முடியும் இடத்தில் செவிப்பறை. உட்பாதியில் எலும்பை ஒட்டி மெல்லிய தோல்தான் இருக்கிறது, லேசாக உரசினாலே ரத்தம் கசியும்.

குறும்பி சுரப்பது குழாயின் வெளிப்பகுதியில் மட்டும். தானாகவே வெளியே நகர்ந்துவிடும். ஆழத்தில் கெட்டியாகக் கிடந்தால் பெரும்பாலும் பட்ஸ் தள்ளியதுதான். ரீல்ஸில் வெட்டப்படும் பகுதி ஒன்று உண்டு: கெட்டிக் குறும்பி என்றால் சில நாள் சொட்டு விட்டு ஊறவைத்த பிறகே பல டாக்டர்கள் எடுப்பார்கள். காதில் சீழோ செவிப்பறையில் ஓட்டையோ இல்லை, ஆபரேஷனும் ஆனதில்லை என்றால், சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாள் விடலாம். முதல் ஓரிரு நாள் குறும்பி ஊறி உப்பி அடைப்பு கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பதறி, பலர் அப்போதுதான் ஹேர்பின்னை எடுக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் சொட்டுக்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. குறும்பியை உறிஞ்சும் என்று காதில் செருகிக் கொளுத்தும் ‘காது மெழுகுவர்த்தி’ வீடியோக்களில் கடைசியில் காட்டும் பழுப்புக் கசடு அந்த மெழுகுவர்த்தியுடையது, உங்கள் காதுடையது அல்ல.

கேள்வி: படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது. யூடியூபில் ஒரு டாக்டர் காட்டிய எப்லி பயிற்சியைச் செய்தும் குணமில்லை. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பக்கம் மாறியிருக்கலாம். உள்காதின் பின்பக்க அரைவட்டக் குழாயில் சிக்கிச் சுற்றலை உண்டாக்கும் கால்சியம் துகள்களை வெளியேற்றுவதற்காக, அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி 1992-ல் வெளியிட்ட முறை இது. எந்தக் காது என்பதைப் படுக்கவைத்து, விழி துடிப்பதைப் பார்த்தே முடிவு செய்வார்கள். வீடியோவுக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு, செல்ஃபி கேமராவில் எடுத்த சில வீடியோக்களில் இடமும் வலமும் புரண்டிருக்கும்.

வலக்காது என்று டாக்டர் உறுதி செய்திருந்தால்: உட்கார்ந்து தலையை 45 டிகிரி வலப்பக்கம் திருப்புங்கள். அப்படியே மல்லாந்து படுங்கள். தோளுக்கு அடியில் தலையணை, தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 விநாடி பொறுங்கள். பிறகு தலையை 90 டிகிரி இடப்பக்கம், மீண்டும் 30 விநாடி. உடம்போடு இடப்பக்கம் புரண்டு முகம் தரையைப் பார்க்க 30 விநாடி. பின் மெதுவாக எழுந்து உட்காருங்கள். சுற்றல் வந்ததும் பயந்து பாதியில் எழுந்துவிடுவதுதான் அடுத்த தவறு. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தனியாகச் செய்யக் கூடாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம் சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: என் மகனின் டான்சில் ஆபரேஷன் வீடியோவைப் பதிவேற்ற டாக்டர் அனுமதி கேட்கிறார். மறுக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: தாராளமாக. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளி இன்னார் என்று தெரியும்படியான படத்தை அவர் அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது; ரீல்ஸ் வருமுன் எழுதியது, ஆனாலும் பொருந்தும். சமூக ஊடகத்துக்கெனத் தனிப் பகுதியோடு 2023 ஆகஸ்டில் வந்த புது விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. ஆபரேஷனுக்குப் போட்ட கையெழுத்து வீடியோவுக்குச் செல்லாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள், தனித்தாள் கேளுங்கள். சம்மதித்தால், முகம், பெயர், கேஸ் ஷீட், பின்னணியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் எதுவும் இல்லாததைப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி மருந்து கேட்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அனுமதிக்கிறது, மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். தொண்டைப் படம் என்றால் பகல் வெளிச்சத்தில், நாக்கை நீட்டி ‘ஆ’ சொல்லும்போது எடுங்கள். குரல் கம்மலுக்குப் படத்தைவிட அரை நிமிட ஆடியோ உதவும். காதுவலிக்கு எதுவும் உதவாது, உள்ளே பார்த்தாக வேண்டும். ஒரே இரவில் ஒரு காது கேட்காமல் போனாலோ, குழந்தை மூக்கில் பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டாலோ பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். முதலாவதற்கு ஸ்டீராய்டு சில நாளுக்குள் தொடங்க வேண்டும். பேட்டரியோ சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும்.