கரையில் யார் உட்காருவது?

கேள்வி: வருகிற பிப்ரவரியில் என் மனைவிக்கு 50 வயது நிறைகிறது. மாங்காய் சீசனுக்கு முன்னால் எனக்கும் மண்டியில் வேலை குறைவு. அதனால் குடும்பத்தோடு அந்தமான் போகலாம், தீவில் ஸ்நார்கெலிங் (மூச்சுக் குழாயோடு மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்து பிறந்தநாளைக் கொண்டாடலாம் என்று மகனும் மகளும் சொல்கிறார்கள். என் அண்ணனோ, 'கடலே இல்லாத ஊர்க்காரன் கடலில் இறங்கி என்ன செய்யப் போகிறான்? ஒகேனக்கல் போய், பரிசலில் ஒரு சுற்று சுற்றி, மீன் சாப்பிட்டுவிட்டு வா' என்கிறார். மனைவிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் பயம். நானும் பிள்ளைகளும் இறங்கினால் அவள் கரையில் இருந்து பார்த்து சந்தோஷப்படுவாள், பைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே. இவ்வளவு செலவு தேவையா? ஆபத்து இல்லையா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். கடலே இல்லாத ஊர் என்கிறார். உங்கள் ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை கடலூர் பக்கம் போய்க் கடலில்தான் விழுகிறது. ஒகேனக்கல்லை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மீன் வறுவலுக்கு நானும் அடிமைதான். ஆனால் தண்ணீருக்குப் பயந்து அந்தமானை விட்டுவிட்டு ஒகேனக்கல் போகிறேன் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. கர்நாடக அணைகளில் திறந்துவிட்ட தண்ணீர் மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்துவிட்டால் பரிசலுக்கே தடை போடுகிறார்கள். தடை இல்லாத நாளிலும் பாறை இடுக்கில் சுழித்து இழுக்கும் தண்ணீரில் குளிக்க இறங்கி, திரும்பி வராமல் போனவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

அண்ணன் விஷயம் அவ்வளவுதான். எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்துவது வேறு ஒரு வரி. 'அவள் கரையில் இருந்து பார்த்து சந்தோஷப்படுவாள், பைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே.' ஐயா, பிறந்தநாள் யாருக்கு? விமானம் ஏறி, கப்பல் ஏறி, கடலைத் தாண்டிப் போய், 50 வயது நிறைந்த அன்று அந்த அம்மா செய்யப் போகிற வேலை நாலு செருப்பு, மூன்று போன், ஒரு மூக்குக்கண்ணாடி, ஈரத்துண்டு இவற்றைக் காவல் காப்பது. அதற்குக் காவேரிப்பட்டணத்திலேயே இருந்துவிடலாமே, செலவாவது மிச்சம். மகன் சொன்னது இருக்கிறது, மகள் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னதும் இருக்கிறது. மனைவி என்ன சொன்னார் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம்.

நம் வழக்கமே அப்படித்தான் என்பீர்கள். வாஸ்தவம். 60 இல் மணிவிழா, 70 இல் பீமரத சாந்தி, 80 இல் சதாபிஷேகம் என்று வைத்திருக்கிறோம்; எல்லாமே கணவரின் வயதுக் கணக்கு. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தாலி கட்டிக்கொள்வார். மஞ்சள் நீர், கல்யாணம், வளைகாப்பு முடிந்த பிறகு ஒரு பெண்ணின் வயதை வைத்து வீட்டில் எந்த விசேஷமும் கிடையாது. அந்த வகையில் உங்கள் பிள்ளைகள் அம்மாவின் 50 ஐக் கொண்டாட நினைத்ததே பெரிய காரியம். அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், அந்தப் பயம். நம் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் நீச்சல் படித்தது கிணற்றில். இடுப்பில் சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ கட்டி, மாமனோ சித்தப்பாவோ மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். நாலு மடக்கு தண்ணீர் குடித்து எழுந்தால் நீச்சல் வந்துவிடும். அதே வீட்டுப் பெண்பிள்ளை கிணற்று மேட்டில் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு 'அவளுக்குத் தண்ணீர் பயம்' என்று நாமே சொல்கிறோம்.

ஸ்நார்கெலிங்கில் நீந்தத் தெரிந்தால் நல்லது. ஆனால் அதில் முக்கால்வாசி மூச்சு விடும் வேலை. மூக்கை மூடும் மாஸ்க், பல்லால் கடித்துக்கொள்ளும் ஒரு குழாய், உடம்பில் லைஃப் ஜாக்கெட். முகத்தைக் கவிழ்த்து மிதந்தபடி வாயால் மூச்சு விட வேண்டும். கடல் நீரில் உப்பு இருப்பதால் கிணற்று நீரைவிட உடம்பு நன்றாகவே மிதக்கும். அந்தமானில் நீச்சல் தெரியாதவர்களை ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டிகளே இழுத்துப் போகிறார்கள். குழாய் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைவிட நீளமானால் நாம் விட்ட மூச்சே நமக்குத் திரும்ப வரும், ஆழத்தில் நீரின் அழுத்தத்தை மீறி நெஞ்சும் விரியாது.

இதற்குப் பயிற்சி வேண்டும், அதைக் கடலில் போய் ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் பக்கத்தில் பம்புசெட் தொட்டிக்கா பஞ்சம்? மாஸ்க்கும் குழாயும் ஒரு ஜோடி இப்போதே வாங்கிவிடுங்கள். நெஞ்சளவு தண்ணீரில் அவர் நிற்கட்டும், பக்கத்தில் மகள் நிற்கட்டும். முதலில் மாஸ்க் இல்லாமல் குழாயை மட்டும் கடித்து வாயால் மூச்சு. பிறகு மாஸ்க் போட்டு முகத்தைத் தண்ணீரில் வைப்பது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் மூச்சு வேகமாகத்தான் வரும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக வேண்டும். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் அலறத் தேவையில்லை. முகத்தை நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் கீழ்ப்பக்கமாக வெளியே போய்விடும். இதைத் தொட்டியிலேயே வேண்டுமென்று தண்ணீர் விட்டுப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கண்ணாடி புகை மூட்டினால் எச்சில் துப்பித் தேய்த்து அலச வேண்டும். முகம் சுளிக்காதீர்கள், உலகம் முழுக்க அதுதான் வைத்தியம். பார்வைக் குறை இருந்தால் பவர் உள்ள மாஸ்க் கிடைக்கும்.

உடை விஷயத்தில் கூச்சம் பார்க்காதீர்கள். குற்றாலத்தில் நிற்பது போல நைட்டியோடு கடலில் இறங்கினால் அது பொங்கி மேலே வந்து கையைக் காலைச் சுற்றிக்கொள்ளும். உடம்பை ஒட்டிய முழுக்கை பனியனும் லெக்கின்ஸும் போதும், வெயிலுக்கும் பாதுகாப்பு. இங்கே உங்களுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாஸ்க்கின் ரப்பர் மீசை மேல் சரியாகப் படியாது, தண்ணீர் கசியும். வாசலின் தடவிப் பாருங்கள், இல்லாவிட்டால் மீசையைக் கொஞ்சம் குறையுங்கள். மனைவி பிறந்தநாளுக்கு இது ஒரு தியாகமா என்ன?

ஆபத்து இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் ஆளுக்கு இல்லை. ஹவாய், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் ஸ்நார்கெலிங்கின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயதைத் தாண்டிய ஆண்கள். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம், அதற்கு மேல் 'எனக்கு நீச்சல் தெரியும்' என்ற தெம்பு. பயந்தவர் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார், வழிகாட்டியின் கையை விடவும் மாட்டார். கிணற்றில் நீந்திப் பழகியவர்தான் ஜாக்கெட் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிட்டுத் தூரமாகப் போவார். ஆகவே டிக்கெட் போடுமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டியவர் முதலில் நீங்கள், அப்புறம் அவர்.

முகத்தைக் கவிழ்த்தால் என்ன தெரியும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பூப்போலத் தெரியும் பிராணியான கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து எட்டிப் பார்க்கும் கோமாளி மீன். அதன் கூட்டத்தில் தலைமை எப்போதும் பெண்ணுக்குத்தான். அந்தப் பெண் இறந்துவிட்டால் பெரிய ஆண்மீன் பெண்ணாகவே மாறிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். (இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.) அசையாமல் மிதந்தால் 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் அலகு போன்ற பல்லால் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. கொறித்த சுண்ணாம்பை மாவாக்கி அது பின்னால் விட்டுக்கொண்டே போகும். அங்கே நாம் ரசிக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகவும் கிட்டேயும் தெரியும் என்பதால் கையை நீட்டத் தோன்றும். நீட்டக் கூடாது, காலை ஊன்றவே கூடாது. பாறை போலத் தெரிவது உயிருள்ள பிராணி. 1998 இலும் 2010 இலும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்து ஏராளமாகச் செத்திருக்கின்றன, மிச்சத்தை நாம் மிதித்து உடைக்க வேண்டாம். உடைந்து கிடக்கும் துண்டையும் பெட்டியில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடிபட்டால் பிறந்தநாள் வேறு மாதிரி முடியும்.

செலவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, மண்டிக் கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். போவது என்றால் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டே கால் மணி நேரம் போல ஆகும். கப்பல் என்றால் மூன்று நாள் பாடு. 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரில் இறங்கி, ஹேவ்லாக் என்று எல்லோரும் இன்னும் சொல்கிற சுவராஜ் தீவுக்குப் படகில் போக வேண்டும். அங்கே யானைக் கடற்கரை புதியவர்களுக்கு ஏற்ற இடம். பிப்ரவரியில் பெரும்பாலும் கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், நம் கடிகாரம்தான் அங்கும், ஆனால் தீவுகள் கிழக்கே தள்ளி இருப்பதால் மாலை ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

தொட்டியில் பழகிப் பார்த்த பிறகும் அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது, சேலை நனையாமல் அதே மீன்களைப் பார்க்கலாம். அப்படியானால் நீங்களும் அவரோடு அந்தப் படகில் ஏறுங்கள், பிள்ளைகள் நீந்திக்கொள்ளட்டும். பைகளை விடுதி அறையில் பூட்டிவிட்டு, கையில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் எடுத்துப் போங்கள். கேக்கை ராத்திரி விடுதியில் வெட்டிக்கொள்ளலாம், கடற்கரையில் வேண்டாம். அந்தத் தெர்மாகோல் தட்டும் மினுக்குத் தாளும் காற்றில் பறந்தால் கடலில்தான் போய் விழும்.