சின்ன நாடு வேகமாக முன்னேறுவது எப்படி? எங்கள் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்கை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: இயற்கை வளம் என்று ஒன்றும் இல்லாத சின்ன நாடு, ஒரே தலைமுறையில் வருமானத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் எப்படி மேலே வர முடியும்?

சிங்கப்பூரில் 14 வருஷமாக இருக்கிறேன், அதனால் கண்ணால் பார்த்த ஊரை வைத்தே சொல்கிறேன். வழக்கமாக வரும் பதில், முதல் பிரதமர் "லீ குவான் யூ மாதிரி ஒருத்தர் வேண்டும்" என்பது. சரி, அவர் பங்கை யாரும் மறுக்கவில்லை, ஆனால் பதிலை அங்கேயே முடித்தால் அடுத்தவர் பிறக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்னைக் கேட்டால் வீட்டில் இருந்து ஆரம்பிப்பேன். நிஜ வீடு, பூட்டும் சாவியும் உள்ள வீடு.

அதற்கு முன் ஒன்று. 1965-ல் இது வெறும் மீன்பிடிக் கிராமம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். அந்த ஆகஸ்ட் 9-ல் மலேசியாவை விட்டுப் பிரிந்தபோதே இது நூறு வருஷத்துக்கும் மேல் வியாபாரம் பார்த்த துறைமுகம், தனிநபர் வருமானமும் அன்றைய ஆசியக் கணக்கில் நன்றாகவே இருந்தது. பற்றாக்குறை வேலைக்கும் வீட்டுக்கும்தான். கடைவீட்டு மாடிகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம், இல்லையென்றால் கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், அத்தாப்பு என்னும் ஓலைக் கூரை.

எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார், அங்கிள் என்போம். அவர் புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்தில் பிறந்தவர். 1961 மே 25 ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று அங்கே தீப்பிடித்தது, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அவருடைய அம்மா தையல் மெஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாராம். அந்த இடத்திலேயே ஒரு வருஷத்துக்குள் முதல் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அங்கிளுக்கு இன்னும் நினைவில் நிற்பது குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான். ஒரு வாரம் சும்மா சும்மா குழாயைத் திறந்து மூடி அடி வாங்கினேன் என்று சிரிப்பார்.

கட்டியது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். 1960 பிப்ரவரியில் ஆரம்பித்து முதல் 5 வருஷத்தில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள். நிலம் எங்கிருந்து வந்தது? 1966-ல் கொண்டுவந்த நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில் இருந்து. அரசு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளும், இழப்பீட்டை அதுவே நிர்ணயிக்கும். நடுவில் பல வருஷம் 1973-ம் ஆண்டு விலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள், முழுச் சந்தை விலை கொடுக்க ஆரம்பித்தது 2007-ல்தான். நிலம் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்துதான் போயிருப்பார்கள். ஆனால் அந்த வயிற்றெரிச்சல் இல்லாமல் இந்த மலிவு வீடுகள் இல்லை, இதைச் சொல்லாமல் சிங்கப்பூரைப் புகழ்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் பணம். மத்திய சேம நிதி, இங்கே சுருக்கமாக மசேநி, 1955-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. சம்பளத்தில் தொழிலாளி 5, முதலாளி 5 சதவீதம். 1968-ல் அந்தச் சேமிப்பை எடுத்து வீவக வீடு வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 1984-ல் அந்தப் பிடித்தம் 25-ம் 25-மாக ஏறியது, அதாவது சம்பளத்தில் பாதிக்குச் சமமான தொகை கைக்கே வராமல் நிதிக்குப் போனது! (அடுத்த வருஷமே பொருளாதாரம் படுத்துவிட, 1986-ல் முதலாளி பங்கை 10-ஆகக் குறைத்தார்கள்.) அந்த நிதி அரசுப் பத்திரங்களில் போய் உட்கார, வெளியே அதிகம் கடன் வாங்காமலே அரசுக்கு மூலதனம் கிடைத்தது. தொழிலாளிக்குத் தவணை கட்ட வேண்டிய சொந்த வீடு இருக்கும்போது எளிதில் வேலைநிறுத்தம் பக்கம் போகமாட்டார். 1967-ல் கட்டாய ராணுவ சேவை வேறு வந்தது, தனக்கென்று ஒரு கதவுகூட இல்லாத வீட்டுப் பையன் எதைக் காக்கப் போவான் என்பது மேலிடத்துக் கணக்கு.

வேலைக்குத் தீவின் மேற்கே இருக்கும் ஜூரோங். சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போட்டபோது நிதியமைச்சர் கோ கெங் ஸ்வீயின் பெயரைச் சொல்லி "கோவின் முட்டாள்தனம்" என்று கேலி பேசினார்கள், ஆரம்பத்தில் நிறைய மனைகள் காலியாகத்தான் கிடந்தன. பிறகு அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் தீவுக்கு வர, பெண்கள் கூட்டம் கூட்டமாக ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். லஞ்சத்தை ஒடுக்கிய விஷயம் எல்லாரும் எழுதியதுதான், 2024-ல் பரிசுப் பொருள்கள் வாங்கிய வழக்கில் ஒரு முன்னாள் அமைச்சரே சிறைக்குப் போனார் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இன ஒதுக்கீட்டைத்தான் நேரில் அனுபவித்தேன். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதம் என்று உச்சவரம்பு. இதனால்தான் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மலாய்க் கல்யாணப் பந்தல், அது பிரித்த இரண்டாம் நாள் அதே இடத்தில் சீனர் வீட்டுச் சாவுக் கொட்டகை, யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இருந்த என் இந்திய நண்பர் வீட்டை விற்கப் போனபோது சீனர் யாருக்கும் விற்க முடியவில்லை. இந்தியரோ மலாய்க்காரரோ யாராவது கேட்டு வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் விலையைக் குறைத்துத்தான் தள்ளிவிட்டார். நல்ல திட்டத்தின் செலவு எப்போதும் யாரோ ஒருத்தர் பாக்கெட்டில் இருந்துதான் போகிறது.

வேறு சின்ன நாடு இதை அப்படியே செய்ய முடியுமா? துறைமுகம் எல்லாருக்கும் வாய்க்காது, நிலத்தைப் பிடுங்கினால் அடுத்த தேர்தலில் அரசே போய்விடும் நாடுகளும் உண்டு. சம்பளத்தில் பிடித்த பணத்தை வட்டியோடு ஒழுங்காகக் கணக்கில் காட்டும் நிர்வாகம் முதலில் வேண்டும், அது இருந்தால் மசேநி மாதிரி ஒன்றை நாளைக்கே தொடங்கலாம்.

சொந்த வீடு என்கிறேனே தவிர அதுவும் 99 வருஷக் குத்தகைதான். எங்கள் புளோக் குத்தகை 1978-ல் தொடங்கியது, 2077-ல் வீடு அரசுக்கே திரும்பிப் போகும். போன வாரம் லிஃப்டில் அங்கிளிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டேன். உனக்கு அப்போது என்ன வயது என்று கேட்டுவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கிப் போய்விட்டார்.