சருமம்: கேள்வி - பதில்

குதிகால் வெடிப்புக்கு ஷியா பட்டர், தேங்காயெண்ணெய், தேன்மெழுகு சேர்த்து வீட்டிலேயே பூச்சு செய்தேன். ஒரே வாரத்தில் குருணை குருணையாகிவிட்டது. பகலில் உருகி வழிகிறது. கெட்டுவிட்டதா?
*- வாசகி, கரூர்*

கெடவில்லை, தைரியமாகப் பூசலாம். ஷியா பட்டர் என்பது ஆப்பிரிக்க ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு. அதில் சீக்கிரம் உறையும் கொழுப்பும் இருக்கிறது, தாமதமாக உறையும் கொழுப்பும் இருக்கிறது. மெதுவாக ஆறும்போது முந்தையது தனியே திரண்டுகொள்வதுதான் அந்தக் குருணை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து, கண்ணாடி போலத் தெளியும்வரை உருக்குங்கள். சிறு டப்பாக்களில் ஊற்றி, உடனே பிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். வேகமாக ஆறினால் குருணை கட்டாது.

வழிவதற்குக் காரணம் மெழுகு போதாததுதான். தேங்காயெண்ணெய் 25 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். கோடையில் அதை நம்பிப் பயனில்லை. கெட்டித்தன்மையைத் தேன்மெழுகுதான் தரவேண்டும். 100 கிராமுக்கு மெழுகு 25, ஷியா 20, நல்லெண்ணெய் 30, தேங்காயெண்ணெய் 25 கிராம் போடுங்கள். மார்கழியில் மெழுகு 18 போதும், குறைத்த அளவுக்கு நல்லெண்ணெயைக் கூட்டுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், முதலில் அதை எண்ணெயோடு உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் ஷியாவைச் சேருங்கள். கிண்ணத்திலோ டப்பாவிலோ ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இந்தப் பூச்சில் துளி தண்ணீர் கிடையாது. தோலில் இருக்கும் ஈரத்தை வெளியேறாமல் காப்பதே அதன் வேலை. காய்ந்த காலில் பூசிவிட்டுப் பலனில்லை என்று பலர் சொல்வது இதனால்தான். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் இருக்கும்போதே பூசி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். இத்தனை வேலைக்கு நேரமில்லாதவர்களுக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். ஈரத்தைப் பூட்டிவைப்பதில் அது இந்த எண்ணெய்களைவிட மேலானது. வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டாமல் எதையும் பூசாதீர்கள்.

நான் வாங்கிய கிரீமில் 'செட்டைல் ஆல்கஹால்' என்று போட்டிருக்கிறது. சருமத்தை வறட்டாதா?
*- வாசகர், நாகர்கோவில்*

வறட்டாது. பெயரில்தான் ஆல்கஹால், கையில் எடுத்தால் வெள்ளை மெழுகுச் சீவல். கிரீமைக் கெட்டியாக்கி, தோலை மிருதுவாக்கும். அரிதாகச் சிலருக்கு அரிப்பு வரலாம். வறட்டக்கூடியவை எத்தனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும். ஒரு சதவீதத்துக்கு மேற்பட்ட பொருட்களை அளவின் இறங்குவரிசையில்தான் அச்சிடுவார்கள். ஆகவே அவ்விரண்டும் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் வந்தால், வறண்ட சருமக்காரர்கள் அந்த கிரீமைத் தவிர்க்கலாம்.