ஒளிரும் பழைய பொருள்கள் வீட்டில் இருக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 4 மாதக் கர்ப்பிணி. இருட்டில் ஒளிரும் பழைய பொருள்களைச் சேர்ப்பது என் கணவரின் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைகளில் தேடித் தேடி வாங்குவார். 9 பழைய அலாரம் கடிகாரங்கள், பச்சையாக மின்னும் யுரேனியம் கண்ணாடிக் கிண்ணங்கள், ஓர் ஆரஞ்சு நிறப் பீங்கான் தட்டு, ட்ரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த குழாயுள்ள ஒரு சாவிக்கொத்து என்று வீட்டில் சேர்ந்துவிட்டன. கடிகாரங்கள் படுக்கையறை அலமாரியில் இருக்கின்றன. போன மாதம் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்து, உதிர்ந்துகொண்டிருந்த பெயின்ட்டைச் சுரண்டினார். கதிரியக்கத்தைக் காட்டும் கெய்கர் கவுன்டர் வாங்கினோம்; கடிகாரத்தின் அருகே கொண்டுபோனால் விடாமல் கத்துகிறது. ஊரில் எங்கள் பூஜை அறையில் 'ரேடியம்' பிள்ளையார் இருந்தது, அப்போது பயந்ததே இல்லை. இப்போது தூக்கம் வரவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்துக்கு ஒரு வார்த்தை. அலமாரியில் இருக்கும் கடிகாரங்களிலிருந்து வரும் கதிர்வீச்சால் உங்கள் குழந்தைக்கு ஊனம் வராது. கருவில் குறைபாடு உண்டாக்கும் கதிர்வீச்சு என்று மருத்துவத்தில் நாங்கள் கவலைப்படத் தொடங்குவது சுமார் 100 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில்தான். மண், காற்று, உணவு, வானம் என்று இயற்கையிலிருந்தே ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. ஒரு பழைய கடிகாரத்தை விட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்றால், அதன் கதிர்வீச்சைப் பெரும்பாலும் இந்த இயற்கை அளவிலிருந்து பிரித்தறிவதே கடினம். கவுன்டர் அருகில் கத்துகிறது என்றால் அங்கே கதிரியக்கம் இருக்கிறது என்று பொருள். உங்கள் உடம்புக்குள் எவ்வளவு போனது என்பதை அது சொல்லாது.

பூஜை அறைப் பிள்ளையாரில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். நம் ஊரில் இருட்டில் மின்னும் எதையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். கூரையில் ஒட்டும் நட்சத்திரமும் பிளாஸ்டிக் சாமி சிலையும் பகல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடுபவை. விளக்கை அணைத்துச் சில மணி நேரத்தில் மங்கி, மறுபடி வெளிச்சம் காட்டினால் பிரகாசிப்பவை இந்த வகை.

ஆனால் உங்கள் கணவரின் கடிகாரங்களில் இருப்பது பெரும்பாலும் உண்மையான ரேடியம். 20ஆம் நூற்றாண்டின் முதல் அறுபது ஆண்டுகளில் முள்ளுக்கும் எண்களுக்கும் ரேடியம் கலந்த துத்தநாக சல்பைடு பெயின்ட் பூசினார்கள். அந்த சல்பைடு சில பத்தாண்டுகளில் கெட்டுவிடும். அப்புறம் கடிகாரம் ஒளிராது. ரேடியமோ பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். ஆகவே உங்கள் வீட்டில் கண்ணைப் பறிக்கும் பச்சைக் கிண்ணம் சாது. பழுப்பேறி, ஒளியிழந்து, 'இது செத்துப்போச்சு' என்று ஓரமாக வைத்திருக்கும் கடிகாரத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். ஒளியை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இதற்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரிலும், இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவிலும் இளம்பெண்கள் டயல்களுக்குப் பெயின்ட் பூசினார்கள். தூரிகை முனை கூர்மையாக இருக்க வேண்டும் என்று அதை உதட்டில் வைத்து நெருடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நெருடலிலும் துளி ரேடியம் வயிற்றுக்குப் போனது. உடல் ரேடியத்தைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, சிலருக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. 1924இல் தியோடர் பிளம் என்ற பல் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1928இல் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர்களைப் படித்துத்தான் ரேடியம் மனித உடலில் என்ன செய்யும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ரேடியம் அவர்களுக்குள் போன வழி வாய். ரேடியம் வீசும் ஆல்பா கதிர் ஒரு தாளையோ நம் தோலையோ தாண்டாது. அதே தூள் உள்ளே போய்விட்டால் தடுக்க எதுவும் இல்லை. கண்ணாடி மூடியோடு அலமாரியில் இருக்கும் கடிகாரத்துக்கும் பிரித்துச் சுரண்டிய கடிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி, சாப்பாட்டு மேசையில் சுரண்டினார் என்பது.

பயந்துவிடாதீர்கள். ஒரு தடவை நடந்தது. விழுங்கிய ரேடியத்திலும் ஐந்தில் ஒரு பங்குபோல்தான் ரத்தத்துக்குப் போகும், மீதி மலத்தோடு போய்விடும். நாள் முழுக்கத் தூரிகையை வாயில் வைத்தவர்களோடு உங்களை ஒப்பிடவே முடியாது. ஆனால் ரத்தத்துக்குப் போவதில் கொஞ்சம் கருவையும் எட்டக்கூடும் என்பதால் மிச்சத் தூள் வீட்டில் இருக்கக் கூடாது. சுத்தம் செய்வது உங்கள் கணவரின் வேலை, உங்களுடையது அல்ல. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஈர டிஷ்யூவால் மேசையையும் கீழே தரையையும் துடைக்கட்டும். துடைத்ததை மடித்து உறையில் போட்டு, புது டிஷ்யூவால் மறுபடி துடைக்கட்டும். வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம்; உறிஞ்சிய நுண்தூளைப் பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடும். துடைத்த இடத்தில் கவுன்டர் இன்னும் கத்தினால், அல்லது கார்ப்பெட்டில் விழுந்திருந்தால், கதிர்வீச்சுப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டும். சுரண்டிய கத்தி, பிரஷ், பெயின்ட் துகள்களைக் குப்பையில் போடாமல் உள்ளூர் கவுன்சிலிடம் (உங்கள் ஊர் நிர்வாகம்) கேட்டு ஒப்படையுங்கள்.

அடுத்தது படுக்கையறை. ரேடியம் சிதையும்போது ரேடான் என்ற வாயு வருகிறது, அது கண்ணாடி மூடிக்குள் அடங்காது. புகைபிடிப்பதற்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் இந்த ரேடான். 2018இல் பிரிட்டனில் 30 பழைய ரேடியம் கைக்கடிகாரங்களை வைத்து அளந்த ஆய்வாளர்கள், காற்றோட்டம் குறைந்த அறையில் அது பரிந்துரைக்கப்பட்ட அளவைப் போல 134 மடங்கு வரை போகலாம் என்று கண்டார்கள். உங்களிடம் இருப்பது 9 தான். இருந்தாலும் குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு எட்டு மணி நேரம் தூங்கும் அறையில் அவை இருக்க எந்த நியாயமும் இல்லை. இன்றைக்கே வெளியே எடுத்து, தோட்டத்து ஷெட்டிலோ கராஜிலோ மூடிய பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் திறப்பதும் வெளிக்காற்றில்தான். தபாலில் வாங்கும் ரேடான் அளவியை மூன்று மாதம் வீட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அளவு தெரியும். ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கெரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது வீடுகளுக்குப் பிரிட்டனின் பரிந்துரை.

மற்றவை சுலபம். யுரேனியம் கண்ணாடியில் யுரேனியம் பொதுவாக எடையில் 2 சதவீதம் அளவில் கண்ணாடியோடு உருகி உறைந்திருக்கும்; அது மின்னுவதே புற ஊதா டார்ச் அடித்தால்தான். ஹாலில் அழகுக்கு வையுங்கள். ஆரஞ்சுத் தட்டின் மேல்பூச்சில் யுரேனியம் இருந்தால் புளிப்பு பட்டுக் கரையும், அது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. அதில் சாம்பாரோ ஊறுகாயோ வைக்கவே கூடாது. ட்ரிட்டியம் சாவிக்கொத்தின் கதிர் தோலைத் தாண்டாது. குழாய் உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்விடுங்கள். குழந்தை பிறந்த பிறகு மட்டும் அதைக் கைக்கு எட்டாமல் வையுங்கள், எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது வரும்.

கணவரைத் திட்ட வேண்டாம். இந்தப் பொருள்களில் வரலாறு இருக்கிறது, அவருடைய ஆர்வம் எனக்குப் புரிகிறது. பிரிப்பது, சுரண்டுவது, கண்ணாடி உடைந்ததை வாங்குவது, இந்த மூன்றையும் நிரந்தரமாக விட்டுவிடட்டும். ஊரிலிருந்து பெட்ரோமாக்ஸ் மேன்டில் கொண்டுவந்தாலும் இதே விதிதான்: பழைய மேன்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, எரிந்து பொடியானதை ஊதித் தள்ளக் கூடாது.

அடுத்த பரிசோதனையின்போது உங்கள் மிட்வைஃபிடம் (மகப்பேறு செவிலியர்) இந்தச் சுரண்டல் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த நாளில் நடந்தது, நீங்கள் எந்த அறையில் இருந்தீர்கள், அதன்பின் அந்த மேசையில் சாப்பிட்டீர்களா என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு முடிவெடுக்கச் சுலபமாக இருக்கும்.