பைலில் 4 என்று எழுதினால் மட்டும் 4 ஆகிவிடாது

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சேர்வரில் 'மெக்ஸ் பரலல் வேர்க்கர்ஸ் பெர் கேதர்' (ஒரு குவெரியின் வேலையை ஒரே நேரத்தில் பங்குபோட எத்தனை உதவி வேர்க்கர்கள் வரலாம் என்ற வரம்பு) செற்றிங்கை 4 ஆக்கிவிட்டேன், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கொன்ஃபிக் பைலை மாற்றிவிட்டு, றிப்போர்ட் இன்னும் இழுக்கிறதே என்று குழம்பித்தான் கேட்கிறீர்களாக்கும். நானும் அந்த இடத்தில் இரண்டு நாள் கிடந்தவன்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்குக் கொம்பியூட்டர்களைப் பார்க்கிறேன். பெரும்போக அறுவடை என்றால் வாசலில் லொறி வரிசை நிற்கும். யாரிடம் எத்தனை மூடை எடுத்தது, ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தது என்ற றிப்போர்ட் வர நாலு நிமிடம் பிடிக்கும், அந்த நாலு நிமிடமும் முதலாளி என் கதிரைக்குப் பின்னால்தான் நிற்பார். நான் பைலில் 4 என்று எழுதி, ரீலோட் பண்ணி, "இனிப் பறக்கும் முதலாளி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அதே நாலு நிமிடம்!

செற்றிங்கின் இப்போதைய பெறுமதியைக் காட்டும் 'ஷோ' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 0, அதாவது உதவி வேர்க்கரே இல்லை. பிறகு செற்றிங்குகளைப் பட்டியலிடும் 'பீஜீ செற்றிங்ஸ்' வியூவில், பெறுமதி எந்தப் பைலில் இருந்து வந்தது என்று சொல்லும் 'சோர்ஸ்ஃபைல்' கொலத்தைப் பார்த்தேன், பெறுமதி வந்தது நான் திருத்திய பைலில் இருந்தே இல்லை, 'போஸ்ட்கிரெஸ்கியூஎல் டொட் ஓட்டோ டொட் கொன்ஃப்' என்பதில் இருந்து. சொஃப்ட்வெயார் போட்டுத் தந்த ஆட்கள் அந்தப் பைலில் எழுதும் 'ஓல்ட்டர் சிஸ்டம்' கட்டளையைக் கொடுத்து அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பைல் கடைசியாக வாசிக்கப்படும், அது சொல்வதே செல்லும். வருடா வருடம் பராமரிப்புக் காசு வாங்குகிறார்கள், அறுவடை நேரம் போன் எடுத்தால் பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த ஓட்டோ பைலில் இருந்த பெறுமதியை ரீசெட் பண்ணி ரீலோட் செய்ததும் 'ஷோ' 4 காட்டியது. றிப்போர்ட் அப்போதும் அசையவில்லை. குவெரியை ஓட்டி அது எப்படி ஓடியது என்று காட்டும் 'எக்ஸ்ப்ளைன் அனலைஸ்' போட்டேன், வேர்க்கர்களின் விடைகளைச் சேர்க்கும் 'கேதர்' என்ற வரியே இல்லை. காரணம் ஈரக்கழிவைக் கணக்கிட நானே எழுதிய ஃபங்ஷன். நாம் எழுதும் ஃபங்ஷன்களை, நாம் வேறு சொல்லாவிட்டால், போஸ்ட்கிரெஸ் 'பரலல் அன்சேஃப்' (பங்குபோட்டு ஓட்டுவது பாதுகாப்பில்லை) என்றே எடுத்துக்கொள்ளும், அப்படி ஒன்று உள்ளே இருந்தால் முழுக் குவெரியும் ஒற்றை ஆளாகத்தான் ஓடும். என்னுடையது வெறும் பெருக்கல் கழித்தல், அதனால் 'பரலல் சேஃப்' என்று மாற்றினேன். உங்களுடையது டேபிளில் எதையாவது எழுதுகிறதென்றால் மாற்றாதீர்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது. மாற்றியதும் 'வேர்க்கர்ஸ் பிளான்ட் 4, வேர்க்கர்ஸ் லோஞ்ச்ட் 4' (திட்டமிட்டது 4, உண்மையில் கிளம்பியது 4) என்று வந்தது, றிப்போர்ட் ஒன்றரை நிமிடம்.

'ஷோ' போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு கதை என்று ஒருவர் கீழே வந்து எழுதுவார். நான் பெரிய டீபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'ஷோ' காட்டுவது உங்கள் செஷனின், அதாவது நீங்கள் நுழைந்திருக்கும் இணைப்பின், பெறுமதியை. அப்ளிகேஷன் நுழையும் யூசருக்கு 'ஓல்ட்டர் ரோல்' மூலம் வேறு பெறுமதி கொடுத்திருக்கலாம், அதனால் அந்த யூசராக நுழைந்தே பாருங்கள். பிளான்ட் 4 என்று வந்து லோஞ்ச்ட் குறைந்தால் பரலல் வேர்க்கர்களின் மொத்த வரம்பான 'மெக்ஸ் பரலல் வேர்க்கர்ஸ்', சேர்வரின் எல்லாப் பின்னணி வேர்க்கர்களுக்கும் வரம்பான 'மெக்ஸ் வேர்க்கர் புரொசெசஸ்' இரண்டையும் பாருங்கள், இரண்டுக்கும் வழக்கமான பெறுமதி 8, அதைத்தான் எல்லாக் குவெரிகளும் பங்குபோடுகின்றன. இரண்டாவதை மாற்றினால் ரீலோட் காணாது, ரீஸ்டார்ட் வேண்டும், அதை லொறி வரிசை நிற்கும்போது செய்யாதீர்கள்.

டேபிள் 8 எம்பிக்கும் குறைவு என்றால் இதில் ஒன்றையும் தேட வேண்டாம், அந்த அளவுக்கு போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பரலல் ஸ்கேனை யோசிக்கவே யோசிக்காது.