வாசகர் கேள்வி – பதில்: படி இறங்கும் மகளும் வண்டி எடுக்காத அம்மாவும்

கேள்வி: கோயம்புத்தூரில் நாலு வருஷம் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். கல்யாணமாகிக் கோத்தகிரி வந்ததிலிருந்து இறக்கத்தைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. என் 15 மாத மகளோ வாசலில் தினமும் ஒரு படி கூடுதலாக இறங்குகிறாள். விழுந்தாலும் மறுபடி போகிறாள். அந்தத் துணிச்சல் எனக்கு எப்படி வரும்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் மகள் துணிச்சல்காரி என்பதைவிடக் கணக்குக்காரி. புதுப் படி என்றால் சுவரைப் பிடித்து, ஒரு காலை விட்டு ஆழம் பார்ப்பாள். எட்டவில்லையா, உட்கார்ந்தே நழுவுவாள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் மணிக்குச் சராசரியாக 2,368 காலடி வைத்து, 17 முறை விழுந்தார்கள். குட்டை உடம்பு, குறைந்த எடை. அடி பலமாகப் படுவதில்லை. ஸ்கூட்டர் அப்படியல்ல. விழுந்து எழுவதை மட்டும் அவளிடம் கற்க வேண்டாம்!

அடால்ஃப் கண்ட இன்னொன்றுதான் உங்களுக்கானது. பல வாரம் தவழ்ந்து பழகிய குழந்தை செங்குத்துச் சரிவில் இறங்க மறுக்கும். நடக்கத் தொடங்கியதும் அதே குழந்தை அதே சரிவில் யோசிக்காமல் கால் வைக்கும். தவழ்ந்து கற்றது நடைக்கு உதவவில்லை. உங்கள் சமவெளிப் பழக்கமும் மலைக்கு அப்படித்தான். புதிதாகப் பழகுங்கள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுமை.

முதல் வாரம் காய்ந்த சாலை, பின்னால் ஆள் இல்லை. 200 மீட்டர் ஏறி, சமதளத்தில் திருப்பி, இறங்குங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பிரேக்கைப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகி, வண்டி இழுக்கும்போது பிரேக்கை விடவும். இறக்கத்தில்தான் சிக்கல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டுவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்துவைக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல். பிடித்த பிடியில் வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு தளரும். வேகம் ஏறும் முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி அழுத்தி விடுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து உருட்டவே கூடாது.

அது கைவந்தபின் ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, ஹாரன் அடித்து, இடது ஓரமாக, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வைத்துத் திரும்புங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். ஈரச் சாலை, மூடுபனி, பின்சீட்டில் ஆள் எல்லாம் அதன் பிறகு, தனித்தனியாக. 36 வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதைப் பக்கம் இப்போதைக்கு எட்டிப் பார்க்காதீர்கள்.

துணைக்கு யார் என்பதும் முக்கியம். 1985இல் வந்த ஓர் ஆய்வில், கண்ணாடித் தரைக்கு அடியில் 30 செ.மீ. பள்ளம் தெரியும்படி வைத்தார்கள். அம்மா சிரித்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. ஆகவே ‘ஐயோ, பார்த்து!’ என்று கத்துபவர் கணவரே ஆனாலும் வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் படியில் முகம் கீழே பார்க்க இறங்கப் பார்க்கிறான். தடுக்கலாமா?
– ஒரு பாட்டி, கொடைக்கானல்

பதில்: தடுப்பதைவிடத் திருப்பிவிடுங்கள், பாட்டி. குப்புறப் படுக்கவைத்து, கால் முதலில் வர, ஒவ்வொரு படியாக. நீங்கள் அவனுக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். குளிர் என்று போட்ட சாக்ஸைப் படியில் மட்டும் கழற்றுங்கள், சிமெண்டில் வழுக்கும். பாசி பிடித்த படியை முதலில் தேய்த்துக் கழுவுங்கள்.