கிட் லென்ஸுக்கு எட்டாத தூரம்: டெலி ஜூம் கேள்வி பதில்

பல வருடமாகக் கேமராவும் கையுமாக அலைகிறேன், ஆனால் லட்ச ரூபாய் லென்ஸ் எதுவும் என்னிடம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, குறைந்த பட்ஜெட் கேள்வியெல்லாம் என் பக்கமே வருகிறது. டெலி ஜூம், அதாவது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிற லென்ஸ் பற்றி வந்தவற்றுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் பேரில் வருகிற 18-55 மாதிரி எண்கள் எம்எம் கணக்கு, எண் பெரிதானால் இன்னும் தூரம் எட்டும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் கேனான் 1500டி, கூட வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும் இருக்கிறது. பறவை எடுக்க ஆசை. கடையில் 75-300 லென்ஸைக் காட்டுகிறார்கள். 55-250-ஐவிட விலையும் குறைவு, ஜூமும் அதிகம். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. புதிதாக வாங்குகிறவர்கள் வழுக்கி விழுகிற முதல் இடமே இதுதான். கடையில் இப்போது கிடைக்கும் 75-300 மூன்றாம் பதிப்பு, ஃபிலிம் கேமரா காலத்தில், 1999-ல் வந்த சரக்கு. அதில் ஸ்டெபிலைசர், அதாவது கை ஆட்டத்தை அடக்குகிற அமைப்பு, கிடையாது. 300-க்கு இழுத்து வைத்தால் இறகு இறகாகத் தெரிய வேண்டியது மொழுமொழுவென்று வரும், வானத்தைப் பின்னணியாக வைத்தால் கிளை ஓரமெல்லாம் ஊதாக் கோடு விழும். 55-250 எஸ்டிஎம் (சத்தமில்லாத மோட்டார் உள்ள பதிப்பு) 2013-ல் வந்தது, 375 கிராம்தான், ஃபோகஸ் ஆகிற சத்தமே கேட்காது, முக்கியமாக ஸ்டெபிலைசர் இருக்கிறது.

அது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கை ஆட்டம் படத்தில் தெரியாமல் இருக்க ஒரு பழைய கணக்கு உண்டு. எத்தனை எம்எம்மோ அதில் ஒரு பங்கு நொடி, அதைவிட மெதுவாக ஷட்டர் போகக் கூடாது. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 1.6-ஆல் பெருக்க வேண்டும், 250 என்பது 400 ஆகிவிடும், ஆக 1/400. சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் புளியமரத்தடியில் 1/400 வைத்துப் பாருங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) எங்கேயோ ஏறி படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். ஸ்டெபிலைசர் இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆந்தையை 1/60-ல்கூட எடுத்துவிடலாம். ஆனால் பறக்கிற பறவைக்கு அது உதவாது, ஏனென்றால் அது அடக்குவது உங்கள் கையை மட்டும்தான். பறப்பதற்கு 1/1000-க்கு மேல் போய்த்தான் ஆக வேண்டும், அதற்குக் காலை வெயில் வேண்டும்.

இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் தேடினால் பேரில் எஸ்டிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கு முந்தைய 55-250 ஐஎஸ், ஐஎஸ் II இரண்டும் படத்தில் மோசமில்லை, ஆனால் ஃபோகஸ் மெதுவாக, கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு நடக்கும்.

கேள்வி: 250 எப்படிப் போதும்? வேடந்தாங்கலில் எல்லாம் தூரத்தில்தானே உட்கார்ந்திருக்கும்?

பதில்: போதாது, 300-உம் போதாது! கணக்கைப் பாருங்கள். 250-ல் வைத்து இருபது மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால், படத்தின் அகலத்துக்குள் அடங்குவது ஏறக்குறைய 1.8 மீட்டர். வெண்மார்பு மீன்கொத்தி 28 சென்டிமீட்டர் இருக்கும், அதாவது படத்தில் ஆறில் ஒரு பங்கு. 300 போட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அதே 250-ஐ வைத்துக்கொண்டு பத்து மீட்டருக்கு நெருங்கினால் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. எம்எம்முக்குக் காசைக் கொட்டுவதைவிடப் பத்து மீட்டர் நெருங்கக் கற்றுக்கொள்வது லாபம்.

வேடந்தாங்கலில் ஏரிக்கரையை விட்டு இறங்க முடியாது, கூடுகள் தண்ணீருக்குள் நிற்கிற மரங்களில். அங்கே 250-ஐ வைத்துத் தனிப் பறவையைத் துரத்தாதீர்கள். ஒரு மரம் முழுக்க அடைந்திருக்கிற நாரைக் கூட்டத்தை எடுங்கள், தலைக்கு மேலே இறங்கி வருகிற கூழைக்கடாவை எடுங்கள். தனிப் பறவைக்கு உங்கள் ஊர்க் கண்மாயும் வயல் வரப்பும் போதும். மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற உண்ணிக்கொக்கு எட்டு மீட்டர் வரை விடும். நான் கண்டது, பைக்கை ஓரங்கட்டி அதன் மேலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தால் மின்கம்பியில் இருக்கிற கரிச்சான் கண்டுகொள்ளாது, காலைத் தரையில் வைத்து இறங்கிய நொடி பறந்துவிடும். எத்தனை தடவை இறங்கி ஏமாந்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: சார், பழைய நிக்கான் டி3200 வாங்கினேன், அதற்கு ஏஎஃப்-பி 70-300 விஆர் (ஸ்டெபிலைசர் உள்ளது) லென்ஸும் வாங்கினேன். ஃபோகஸே ஆகவில்லை. கையால் வளையத்தைத் திருகினாலும் ஒன்றும் நடக்கவில்லை. லென்ஸ் பழுதா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும், ஜோடிதான் தப்பு. ஏஎஃப்-பி என்பது 2016 வாக்கில் வந்த புது வகை மோட்டார். அதில் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரம் வழியாகத்தான் வேலை செய்யும், அதனால் கேமராவுக்கு அந்த பாஷை தெரியாவிட்டால் கையாலும் முடியாது. டி3100, டி3200, டி5100, டி7000, டி90 எதற்கும் தெரியாது. டி3300, டி5300 வைத்திருப்பவர்கள் ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கிற மென்பொருள்) அப்டேட் செய்துகொண்டால் ஓடும். டி3400, டி3500, டி5600-க்குக் கவலையே இல்லை, அவற்றுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல டெலி ஜூம் நான் பார்க்கவில்லை. நீங்கள் முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் அல்லது ஏஎஃப்-எஸ் 55-300 விஆர் வாங்குங்கள். 55-300 கொஞ்சம் கனம், ஃபோகஸும் நிதானம்தான், ஆனால் உங்கள் கேமராவில் வேலை செய்யும்.

வாங்கப்போகிற மற்றவர்களுக்கு: இதே ஏஎஃப்-பி 70-300 விஆர் இல்லாமலும் ஒன்று விற்கிறது, பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. விலை சட்டென்று குறைவாகத் தெரிந்தால் பேரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

கேள்வி: டாம்ரான் 70-300 மேக்ரோ மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: ஸ்டெபிலைசர் இல்லாத பழைய மாடல்தானே? பூ, பட்டாம்பூச்சி என்றால் வாங்கலாம், 180-க்கு மேல் மேக்ரோ பொத்தானைத் தள்ளினால் அசல் அளவில் பாதிவரை எடுக்கும். பறவைக்கு வேண்டாம். நிக்கான்காரர்கள் மோட்டார் உள்ள பதிப்பா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாததும் சந்தையில் சுற்றுகிறது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பூஞ்சை. மற்றதெல்லாம் அப்புறம். நம் கடலோர ஈரக்காற்றில் கேமராப் பைக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ் என்றால் சந்தேகத்தோடுதான் கையில் எடுக்க வேண்டும். இரண்டு மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து, முன்பக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், நாலு தூசியால் ஒன்றும் ஆகாது. பூஞ்சை சிலந்தி வலை நூல் மாதிரி, ஓரத்திலிருந்து கிளை பிரிந்து படர்ந்திருக்கும். நான் ஒருமுறை டியூப் லைட் வெளிச்சத்தில் மட்டும் பார்த்துவிட்டு "கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது" என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன். மறுநாள் காலை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு வேப்பிலைக் கொத்தே இருந்தது. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி.

பிறகு உங்கள் கேமராவில் மாட்டி, ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். ஸ்டெபிலைசர் உயிரோடு இருந்தால் வ்யூஃபைண்டரில் ஆடுகிற படம் ஒரு நொடியில் மிதந்து அடங்கும். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, குறைந்த ஜூமில் ஒன்று, முழு ஜூமில் ஒன்று எடுத்து, நாலு மூலை எழுத்தையும் பெரிதாக்கிப் படியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். வாங்கி வந்த பிறகு காற்றுப் புகாத டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம், அது போதும்.

கேள்வி: தம்பி, மகள் பரதநாட்டிய அரங்கேற்றம் வருகிறது. பின் வரிசையிலிருந்து எடுக்க 55-250 வாங்கலாமா?

பதில்: இதற்கு மட்டும் வாங்காதீர்கள் அக்கா. முழு ஜூமில் இந்த லென்ஸ் எஃப்5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்), மேடை வெளிச்சத்தில் அது இருட்டு. எஃப்1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். 50 எம்எம் எஃப்1.8 ஒன்று வாங்குங்கள், அம்மா என்கிற உரிமையில் முன் வரிசையில் நாற்காலி பிடியுங்கள். சுற்றும்போது எடுக்காமல், அடவு முடிந்து நிற்கிற அந்த நொடியில் எடுங்கள்.

கேள்வி: கேனான் ஆர்50 வாங்கியிருக்கிறேன். அண்ணனிடம் பழைய 55-250 எஸ்டிஎம் இருக்கிறது, போடலாமா?

பதில்: பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்ட உதவுகிற இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் வாங்கினால் தாராளமாக. ஆட்டோஃபோகஸ், ஸ்டெபிலைசர் எல்லாம் வேலை செய்யும். அண்ணன் தராவிட்டால் ஆர்எஃப்-எஸ் 55-210 இருக்கிறது, 270 கிராம், இறகு மாதிரி. ஆனால் முழு ஜூமில் எஃப்7.1, வெயில் சாய்ந்ததும் திணறும்.

கேள்வி: லென்ஸுக்கு முன்னால் திருகுகிற 2எக்ஸ் கன்வர்ட்டர்?

பதில்: அந்தக் காசுக்குப் பிரியாணி சாப்பிடுங்கள்.

கேள்வி: 55-250 எஸ்டிஎம் புதிதாக வாங்கி ஒரு மாதம் ஆகிறது. எல்லாரும் ஷார்ப் என்கிறார்கள், எனக்குக் கோபுரச் சிற்பமெல்லாம் மங்கலாகத்தான் வருகிறது. கடையில் கொடுத்த யூவி ஃபில்டரைப் பாதுகாப்புக்குப் போட்டிருக்கிறேன். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இரண்டு சந்தேகம். மத்தியானம் எடுக்கிறீர்களா? கல் தளம் சூடேறிக் கானல் எழும்பினால் எந்த லென்ஸிலும் தூரத்துச் சிற்பம் அலை அலையாகத்தான் வரும், காலை ஏழு மணிக்குப் போங்கள். இரண்டாவது, அந்த இலவச ஃபில்டர். மலிவுக் கண்ணாடி டெலி லென்ஸில் கெடுக்கிற மாதிரி சின்ன லென்ஸில் கெடுக்காது, அதனால் 18-55-ல் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாதுகாப்புக்கு இடி-63 ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டுகிற குழல்) தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியில் வராது. நாளைக் காலையில் ஒரே சிற்பத்தை ஃபில்டரோடு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று எடுத்து, இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.